ஒரு போத்தல் ஜின், மூன்று யோசனை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மச்சான் லங்காவியிலிருந்து வந்தான். பைக்குள் இரண்டு துண்டில் சுற்றி ஒரு லிட்டர் டாங்கரே ஜின். சாப்பாட்டு மேசையில் வைத்த அரை மணி நேரத்தில் வீட்டில் மூன்று கட்சி உண்டாகிவிட்டது.

"இத ராவாத்தான் குடிக்கணும் மச்சான். எதையாச்சும் ஊத்துனா ருசி போயிடும்" என்றான் அவன். ஈப்போவில் தாதியாக வேலை செய்கிற அக்கா, "டோனிக், ஐஸ், கொஞ்சம் எலுமிச்சை. அது போதும்டா" என்றாள். நாற்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து (கணக்கெழுதுபவராக) ஓய்வு பெற்ற பெரியப்பா பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "தொரை பங்களாவுல ரெண்டும் கிடையாது தம்பி. பாஹிட் போடுவாங்க" என்றார். டோனிக் என்பது கசப்பும் இனிப்பும் கலந்த சோடா, பாஹிட் என்பது கசப்புச் சாறு சேர்த்த ஜின்.

மூன்று பேர் சொன்னதையும் வேறு வேறு சாயங்காலங்களில் செய்து பார்த்தேன். வீட்டில் ஏற்கெனவே பாதி இருந்த பாம்பே சஃபையரையும் கூட வைத்துக்கொண்டேன். ஒரு ஜினுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கும் பொருந்துமா என்று தெரியவேண்டும் அல்லவா. நல்ல ஜின் இங்கே மலேசியாவில் கடையில் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகிறது. வருஷத்துக்கு ஒன்று இரண்டு போத்தல் வாங்குகிற வீட்டில் அதை எப்படிக் குடிப்பது என்பதும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்தான்.

முதலில் அந்த 'ரா' என்ற சொல்லைப் பற்றி. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊரில் ராவாகக் குடிப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே வாயில் இறக்கி, உடனே ஊறுகாயையோ உப்பு மாங்காயையோ நாக்கில் வைப்பது. சம்சு என்ற மலிவுச் சாராயம் அப்படித்தான் குடிக்கப்பட்டது. அது நாக்கில் நிற்கக்கூடாது, அவ்வளவு மட்டமான சரக்கு. எத்தனை லயத்து வீடுகளில் சம்பள நாள் ராத்திரி எப்படி முடிந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலிச் சாராயத்தைக் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். அதனால் மச்சான் 'ரா' என்றதும் அம்மாவின் முகம் மாறியது எனக்குப் புரிந்தது. ஆனால் ஜினை வெறுமனே சுவைப்பது அந்த வகைக் குடி கிடையாது. சம்சுவை நாக்குக்குத் தெரியாமல் முழுங்குவார்கள். இங்கே நாக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வேறெதையும் சேர்க்காமல் விடுகிறோம்.

அம்மாவின் பயத்தைப் போக்க நான் செய்தது ஒரே காரியம். உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஜினை விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, சாராய வாடை பறந்ததும் அவர் மூக்கருகே நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "மல்லி வாசம் வருதே" என்றார். சரியாகச் சொன்னார். தானியத்தில் காய்ச்சிய வாசனையற்ற சாராயத்தில் ஜூனிப்பர் காயையும் மருந்துச் சரக்குகளையும் சேர்த்து மறுபடி காய்ச்சி இறக்கினால் அதுதான் ஜின். டாங்கரேயில் ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிக்கா வேர், அதிமதுரம் என்று நான்கே சரக்கு. பாம்பே சஃபையரில் பத்து. போத்தலின் பக்கவாட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். கொத்தமல்லி, அதிமதுரம், வால்மிளகு, பாதாம், எலுமிச்சைத் தோல், பட்டையின் உறவான காசியா என்று பாதிக்கு மேல் நம் அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவை. ஜூனிப்பர் ஒன்றுதான் நமக்குப் பழக்கமில்லாதது. பார்க்க நீலக் காய் மாதிரி இருந்தாலும் உண்மையில் அது பைன் மரத்தின் கூம்பு போன்ற ஒன்று, சதைப்பற்றுள்ள கூம்பு. வாசனை குங்கிலியத்தின் பக்கம் போகும், பின்னால் ஒரு மிளகுக் காரம். இதை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம் உண்டு. வெறுமனேயா கலந்தா என்ற கேள்விக்கு முன்னால், இந்த வாசனைகளில் எதைக் காப்பாற்ற நினைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளங்கைத் தேய்ப்பு இன்னொன்றுக்கும் உதவும். சாராய வாடை பறந்தபின் கையில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அந்தப் போத்தலை வெறுமனே குடித்துப் பார்ப்பதில் பலனில்லை. லேபிளில் 'லண்டன் ட்ரை' என்று இருந்தால், ஐரோப்பியச் சட்டப்படி வாசனை முழுவதும் காய்ச்சி இறக்கும்போதே வந்திருக்க வேண்டும், பின்னால் எசன்ஸ் சேர்க்கக்கூடாது. சர்க்கரையும் லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் கூடாது. லண்டனில்தான் செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, அது செய்முறையின் பெயர்.

சரி, மச்சானின் கட்சி. முதல் சாயங்காலம் போத்தலைத் திறந்து சின்ன ஒயின் கிளாஸில் ஊற்றி அப்படியே குடித்தோம். சரிப்படவில்லை. மூக்கைக் கொண்டுபோனதும் சாராயம் ஊசி மாதிரி குத்தியது. நாக்கு எரிந்தது, மல்லியும் இல்லை, அதிமதுரமும் இல்லை. குறை ஜினில் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு 31 டிகிரி. வெள்ளைக்காரர்கள் 'அறை வெப்பத்தில் சுவைக்கவும்' என்று சொல்வது 18, 20 டிகிரி அறையை மனதில் வைத்து. நம் ஊர்ச் சூட்டில் சாராயம்தான் முதலில் ஆவியாகி மேலே வருகிறது. போதாததற்கு இந்தப் போத்தலில் சாராயம் 47.3 சதவீதம். ஒரே பிராண்ட் ஜினை வேறு வேறு நாட்டில் வேறு வேறு பலத்தில் விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கார்டன்ஸ் இங்கிலாந்தில் 37.5 சதவீதம். விமான நிலையக் கடைகளில் அதைவிடப் பலமாக வரும். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள், பிராண்டைவிட அது முக்கியம்.

மறுநாள் வேறு மாதிரி செய்தோம். போத்தலை ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டில் அரை மணி நேரம் வைத்து எடுத்தோம். மேல் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரிலும் ஜின் உறையாது, எண்ணெய் மாதிரிக் கெட்டியாகி வழவழவென்று இறங்கும். குடிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் வாசனை அடங்கிப்போகும். எரிச்சல் தெரியாததால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதும் தெரியாது. கிளாஸில் ஊற்றியது 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி அளவு. வாய் குறுகிய கிளாஸாக இருந்தால் நல்லது. எவர்சில்வர் டம்ளரில் வாசனை தங்காது. வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர வேண்டும், அப்படிச் செய்தால் சாராயம் மூக்கை அவ்வளவாகக் குத்தாது. அந்த நேரம் சாமி அறையில் ஊதுபத்தி எரியக்கூடாது, அடுப்பில் சம்பல் வதங்கக்கூடாது. இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் நடப்பவை, அதனால் நான் ஆறு மணிக்கு முன்னாலேயே வாசல் திண்ணைக்குப் போய்விட்டேன்.

இப்போது தெரிந்தது. முதலில் ஜூனிப்பரின் அந்தப் பிசின் வாசனை. நாக்கின் நடுவில் மல்லி. இதில் பச்சைக் கொத்தமல்லி இலையின் வாசனை துளியும் இல்லை, வறுக்காத விதையில் வருகிற எலுமிச்சை கலந்த பூவாசம் அது. கடைசியில் அதிமதுரத்தின் வறண்ட இனிப்பு அடித்தொண்டையில் நின்றது. அதன்பிறகு அதே அளவு தண்ணீர் ஊற்றினேன். மச்சான் பதறினான். ஆனால் காய்ச்சுகிறவர்களே மாதிரியைச் சோதிக்கும்போது தண்ணீர் கலந்து இருபது சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்கித்தான் முகர்வார்கள். தண்ணீர் சேர்ந்ததும் வாசனை அகலமாகிறது. சில ஜின்களில் லேசாகப் புகை படர்ந்த மாதிரி கலங்கும். சாராயத்தில் மட்டும் கரைந்திருந்த வாசனை எண்ணெய்கள் தண்ணீர் வந்ததும் பிரிந்து மிதப்பதுதான் காரணம், கெட்டுப்போனது என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் சேர்த்த கிளாஸை மச்சான் இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "இதுலதான் மச்சான் நல்லா தெரியுது" என்றான்.

ஆகவே வெறுமனே குடிப்பதைப் பற்றி என் முடிவு: புதுப் போத்தலைத் திறக்கிற அன்று, ஒரே ஒரு தடவை, மேசைக்கரண்டி அளவு, பாதியில் தண்ணீர் சேர்த்து. அந்தப் போத்தலுடன் அறிமுகம் செய்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தொடர்ந்து ராத்திரி முழுக்க ஜினை அப்படியே குடிப்பது இந்த ஊர் வெயிலுக்கும் சரிவராது, அந்த ஜினுக்கும் சரிவராது. ஜினுக்கு முன்னோடியான ஹாலந்து நாட்டு ஜெனிவர் வெறுமனே குடிப்பதற்கென்றே உருவானது. அதில் மால்ட்டின் கனம் உண்டு, தனியாக நிற்கும். லண்டன் ட்ரை வந்ததோ 1830-இல் ஏனியஸ் காஃபி தொடர்ந்து காய்ச்சும் கொப்பரைக்குக் காப்புரிமை வாங்கியதற்குப் பிறகு. சாராயம் சுத்தமானது, மெலிந்தது. சதை இல்லாமல் எலும்பு மட்டும் இருக்கிற மாதிரி ஒரு பானம், பக்கத்தில் ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் உட்காரும் என்பது என் எண்ணம். பாம்பே சஃபையர் இதில் கொஞ்சம் விலக்கு. அதில் சரக்குகளைச் சாராயத்தில் ஊறவைப்பதில்லை, மேலே கூடையில் வைத்து ஆவியை அதன் வழியாக ஏற்றுகிறார்கள். அதனால் மெல்லியது, தண்ணீர் மட்டும் சேர்த்தாலே குடிக்க இதமாக இருந்தது.

அக்காவின் கட்சிக்கு வருகிறேன். டோனிக்கைப் பற்றிப் பேசும்போது எனக்கு மனசு வேறு எங்கோ போய்விடுகிறது. அதில் இருக்கிற கசப்பு, மலேரியா மருந்தான கொயினா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தவர்கள் பெல்டியே, காவென்டு என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், 1820-இல். 1858-இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் அதைச் சோடாவில் கலந்து காப்புரிமை வாங்கினார். மலேரியாவுக்குப் பயந்து இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் குடித்தார்கள். ஆனால் இங்கே கொயினாவை அதிகம் விழுங்கியது நம் ஆட்கள். ரப்பர் போட காட்டை வெட்டித் திறந்த தோட்டங்களில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகுதான் வழி பிறந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொயினா கொடுப்பார்கள் என்று பாட்டி சொன்னதைப் பெரியப்பா இன்னும் சொல்வார். விழுங்காமல் துப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். அந்தக் கசப்பை வெள்ளைக்காரர்கள் சர்க்கரையும் ஜினும் சேர்த்துக் குடித்தார்கள். பாட்டிக்குக் கசப்பு மட்டும்.

டின்னில் கொயினா இருக்கிறது என்று அக்கா மகனுக்குக் காட்ட, முச்சந்தி மளிகைக் கடைக்குப் போனோம். கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு அங்கே கல்லாப் பக்கம் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தெளிவான பிளாஸ்டிக் குவளையில் டோனிக்கை ஊற்றி அதன் கீழ் வைத்தோம். தண்ணீர் மாதிரி இருந்தது சட்டென்று நீலமாக ஒளிர்ந்தது. பக்கத்தில் வைத்த சோடா இருட்டாகவே இருந்தது. கொயினாவின் குணம் அது. அளவு மிகவும் குறைவுதான். அமெரிக்காவில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, மலேரியாவுக்குப் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கே 600 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். ஆகவே டோனிக் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ருசிக்கு வருவோம். டோனிக் ஊற்றினால் ஜின் கெட்டுப்போகும் என்று மச்சான் சொன்னது பாதி சரி. கெடுப்பது கொயினாவின் கசப்பு என்று நினைத்தால் தவறு, சர்க்கரைதான் கெடுக்கிறது. சாதாரண டோனிக்கில் ஆரஞ்சுச் சோடாவுக்குக் கொஞ்சம் குறைவான சர்க்கரை, கசப்பினால் நாக்குக்குத் தெரிவதில்லை. டின்னைத் திருப்பி 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். ஐந்துக்குக் கீழே இருப்பதாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எத்தனை? அப்பாவுக்கு இன்சுலின் போட்ட கையால் நான் இதை எழுதுகிறேன், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அவருக்குச் சர்க்கரை டோனிக்கும் இல்லை, ஜினும் இல்லை, அது வேறு விஷயம்.

இரண்டு ஜினையும் ஒரே டோனிக்கில் போட்டுப் பார்த்தபோது நான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தது. விலையான, பத்துச் சரக்குப் போட்ட, நாசூக்கான ஜின்தான் கலப்பதற்கு ஏற்றது என்று எண்ணியிருந்தேன். பாம்பே சஃபையர் டோனிக்கில் காணாமல் போய்விட்டது, எலுமிச்சைச் சோடா குடித்த மாதிரி இருந்தது. நான்கே சரக்குப் போட்ட டாங்கரேயின் ஜூனிப்பர் அந்தக் கசப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. சரக்கு எத்தனை என்பதைவிட அதில் ஒன்றாவது குரலெடுத்துப் பேசுமா என்பதைப் பார்க்க வேண்டும் போல.

அளவு: ஜின் ஒரு பங்கு, டோனிக் மூன்று பங்கு. இரண்டு பங்கு என்றும் சொல்வார்கள், நம் வெயிலுக்கு மூன்றுதான் சரி. ஐஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் பை பையாக விற்கிற குழாய் ஐஸ் நடுவில் ஓட்டை உள்ளது, உள்ளும் புறமும் கரைந்து பத்தே நிமிஷத்தில் கிளாஸைத் தண்ணீராக்கிவிடும். முந்தின ராத்திரி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் உறையவைத்துப் பெரிய கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எலுமிச்சை. அக்கா பிழிந்துவிடுவாள், எனக்கு அது பிடிக்காது. சாறு புளிப்பை மட்டும் கொடுக்கும், வாசனை தோலில் இருக்கிறது. தம்பூன் போகிற வழியில் பம்ளிமாஸ் வாங்கியிருந்தோம். அதன் தோலில் ஒரு விரல் அகலம் சீவி, வெள்ளைச் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸுக்கு மேலே பிடித்து மடக்கினேன். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் தூறல் மேலே விழுந்தது, தோல் கையில் இருக்கும்போதே வாசனை திண்ணை முழுக்கப் பரவிவிட்டது. பேராக் மாநிலத்தில் இருந்துகொண்டு இறக்குமதி ஆன மஞ்சள் எலுமிச்சையை எதற்குத் தேட வேண்டும்? பம்ளிமாஸ் இல்லாத நாளில் கஸ்தூரி எலுமிச்சையின் தோலைக் கிளாஸ் விளிம்பில் தேய்த்தாலே போதும்.

வெறும் சோடாவிலும் ஒரு நாள் போட்டேன். சர்க்கரை இல்லை, ஜின் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. பாம்பே சஃபையருக்கு இதுதான் சரியான துணை. வெள்ளரியும் ரோஜாவும் சேர்கிற ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி ஜினுக்கும் சோடாவே நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். மார்டினி, நெக்ரோனி போன்ற ஜின் கலவைகள் பக்கம் நான் போகவில்லை. அவற்றுக்கு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் வேண்டும், திறந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து ஓரிரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் குடிக்கிற வீட்டுக்கு அது வீண். சிங்கப்பூர் ஸ்லிங் 1915 வாக்கில் ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஞியாம் தோங் பூன் என்ற ஹைனான் சீனர் உருவாக்கியது. அன்னாசிச் சாறும் செர்ரி மதுவும் சேர்ந்த அதில் ஜினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெரியப்பாவின் பாஹிட்டுக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு அங்கஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு வேண்டும், அக்கா ஈப்போவிலிருந்து வாங்கிவந்தாள். லேபிள் போத்தலைவிடப் பெரிதாக, கழுத்துவரை ஏறி நிற்கிற சின்னப் போத்தல். 1824-இல் வெனிசுவேலாவின் அங்கஸ்துரா ஊரில் சீகெர்ட் என்ற ஜெர்மன் டாக்டர் வயிற்றுக்கான மருந்தாகச் செய்தது. பிறகு தொழில் திரினிடாடுக்குப் போய்விட்டது. 1845 முதல் நம்மவர்களைக் கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அதே திரினிடாட். பாஹிட் என்றால் மலாயில் கசப்பு. ஆங்கிலேயக் கடற்படையில் பிங்க் ஜின் என்று குடித்ததை மலாயாத் தோட்டத் துரைமார்கள் ஜின் பாஹிட் என்று அழைத்தார்கள். பெயரிலேயே மலாயா மண் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜின் பானம் அது.

பெரியப்பா தானே செய்கிறேன் என்றார். குளிர்ந்த சின்ன கிளாஸை எடுத்து, பிட்டர்ஸ் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து மூன்று உதறு உதறினார். கிளாஸைப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றினார். செம்மண் நிறத்தில் ஒரு படலம் உள்பக்கம் முழுக்க ஏறியது. கூடுதலாக நின்றதைக் கவிழ்த்துக் கொட்டினார். அதன் மேல் குளிர்ந்த ஜின்னை ஊற்றினார், 45 மில்லி. ரோஜா இதழ் வெளுத்த மாதிரி ஒரு நிறம் வந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கை நடுங்கவில்லை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எத்தனை தடவை குடிச்சிருக்கீங்க பெரியப்பா?" என்று மச்சான் கேட்டான்.

"குடிச்சதே இல்லப்பா. பாத்ததுதான்."

1966-இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது துரை வெள்ளைக்காரர். மாதம் ஒரு தடவை சாயங்காலத்தில் வேலையாட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலைக் கையெழுத்துக்காகப் பங்களாவுக்குக் கொண்டுபோக வேண்டும். துரை கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பின்பக்க வராந்தாவில் நிற்பார். குசினிக்காரர் இதைச் செய்வதை அங்கிருந்து பார்த்தது. மூன்று உதறு, ஒரு சுழற்று, கவிழ்த்துக் கொட்டு. உட்காரச் சொன்னதும் கிடையாது, குடிக்கிறாயா என்று கேட்டதும் கிடையாது. எண்பது வயதில் அன்றைக்குத்தான் முதல் வாய் குடித்தார்.

ருசியைச் சொல்கிறேன். பிட்டர்ஸில் கிராம்பும் பட்டையும் போன்ற ஒரு சூடு இருக்கிறது, அது ஜினின் மல்லியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. வெறுமனே குடித்தபோது இருந்த மெலிவு, அந்தச் சதையில்லாத தன்மை, இதில் இல்லை. டோனிக்கின் இனிப்பும் இல்லை. ஜூனிப்பர் முழுதாக நிற்கிறது, அதற்குக் கீழே கசப்பு ஒரு தரை மாதிரி விரிந்திருக்கிறது. ஆனால் பலம் குறையவே இல்லை, கிட்டத்தட்ட முழு ஜின். அதனால் நான் இரண்டாவது கிளாஸில் அதே அளவு குளிர்ந்த தண்ணீர் சேர்த்தேன். பெரியப்பா பார்த்த முறையில் அது கிடையாது. அவரிடம் நீட்டினேன். குடித்துவிட்டு, "இது நம்ம ஊருக்கு" என்றார்.

எனக்கு முடிவு அங்கேயே வந்துவிட்டது. இனி எங்கள் வீட்டில் ஜினுக்கு அதுதான் முறை: பிட்டர்ஸ் மூன்று உதறு, ஜின் ஒரு பங்கு, குளிர்ந்த தண்ணீர் ஒரு பங்கு, பம்ளிமாஸ் தோல் இருந்தால் ஒரு மடக்கு. மச்சான் கேட்ட ருசியும் போகவில்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு பிட்டர்ஸ் போத்தல் இந்தக் கணக்கில் வருஷக்கணக்கில் வரும், அதுவும் அதிலேயே 44.7 சதவீதம் சாராயம் இருப்பதால் கெட்டுப்போகாது. விருந்தாளிகள் பலர் வருகிற நாளில், குறிப்பாக ஜின் பழக்கமில்லாதவர்கள் வந்தால், அக்காவின் டோனிக்தான் சரி. நீளமான கிளாஸ், நிறைய ஐஸ், மெதுவாகத் தீரும், பேசிக்கொண்டே இருக்கலாம். அதற்கு டாங்கரே மாதிரி ஜூனிப்பர் தூக்கலான ஜினை எடுங்கள், மெல்லிய ஜினைச் சோடாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கசப்பே ஆகாதவருக்கும் சோடாதான். வெறுமனே சுவைப்பது புதுப் போத்தல் திறக்கிற அன்றைக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அளவுக் குவளை ஒன்று வாங்கிவிடுங்கள், பத்து வெள்ளிகூட ஆகாது. கண்ணளவில் ஊற்றிப் பார்த்தேன், 45 மில்லி என்று நான் நினைத்தது 70-க்கு மேல் இருந்தது. 40 சதவீத ஜின் 45 மில்லியில் 18 மில்லி சுத்தச் சாராயம். ஒரு 320 மில்லி டின் பியரில், ஐந்து சதவீதம் என்றால், 16. ஜின் கிளாஸ் சின்னதாகத் தெரிவதால் மனசு ஏமாறும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு, அதற்கு மேல் போத்தல் அலமாரிக்குள் போய்விடும். மோட்டாரில் வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. 2020 அக்டோபரில் சட்டத்தை இறுக்கிய பிறகு ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. சட்டம் இல்லாவிட்டாலும் ஈப்போ சாலையில் ராத்திரி செம்பனை லோரிகளுக்கு நடுவில் அப்படி யாரையும் அனுப்ப எனக்கு மனசு வராது. இருபத்தொரு வயது ஆகாத பிள்ளைகளுக்கு டோனிக்கும் பம்ளிமாஸ் தோலும் மட்டும், அதுவே நல்ல பானம்தான். அக்கா மகன் அதை ஊதா விளக்கில் வைத்துக் குடிக்க வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

தீபாவளி ராத்திரி விருந்தெல்லாம் முடிந்து, மத்தாப்புப் புகை அடங்கியபிறகு, பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் கிளாஸை நீட்டினேன். வாங்கி உடனே குடிக்கவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டு வாயை லேசாகத் திறந்து, நான் மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே, கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டி, "உக்காரு" என்றார்.